எச்சரிக்கையின் வாயை அடைத்த கதை

கணினி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள் சார்" என்றார்கள். சாதனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நான் பயந்ததைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கணினிகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். அதில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை பயந்த பயம் இன்னும் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்து எங்கள் கம்பெனி நடந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதை இங்கே இருபது பெண்கள் ஹெட்போனில் கேட்டு, தட்டச்சு செய்து, ரிப்போர்ட்டாக்குவார்கள். அந்த ரிப்போர்ட்டுகளை டெலிபோன் வழியே டயல் செய்து, சென்னைத் தலைமை அலுவலகத்து சர்வரில் ஏற்றவேண்டும். அத்தனை கணினிக்கும் பொறுப்பு நான் ஒருத்தன். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன்.

நோயாளிகளின் சமாச்சாரம் என்பதால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டுப் போட்ட தொடர்பு வைத்திருந்தோம். அப்போது அது புதுசு. அதில் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் தடவை தொடர்பு கொள்ளும்போது அந்தப் பக்கத்து சர்வர் தன் அடையாளமாக ஒரு எண்ணைக் காட்டும். முந்நூறு இலக்கத்துக்கு மேல் நீளும் எண். நம் கணினி அதை ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே எண் வந்தால் பேசாமல் உள்ளே விடும். வேறு எண் வந்தால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தும்: நீ பேசுவது பழைய சர்வரோடு அல்ல, நடுவில் எவனோ விஷமம் செய்யலாம், ஜாக்கிரதை என்று. பூட்டு எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்தால்? அதற்காகத்தான் அந்தக் கத்தல்.

சென்னையில் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அம்மா. நேரில் நான் பார்த்ததே இல்லை, குரல்தான் தெரியும். சர்வரை வைத்த முதல் நாள் போன் செய்து, "எண்ணை நான் படிக்கிறேன், உங்க திரையில வர்றதோட ஒத்துப் பாருங்க" என்றார். முந்நூறு இலக்கத்தையுமா என்றேன். "முந்நூறும்தான். எஸ்.டி.டி. காசு கம்பெனிக் காசு, உங்களுக்கு என்ன?" என்றார். படித்தார். நான் ஒரு கையில் டீயும் ஒரு கையில் ரிசீவருமாக, "ஆமா மேடம், ஆமா மேடம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதி வந்ததும் நிறுத்தினார்.

"சார், போன வரியில நாலு இலக்கம் வேணும்னே தப்பாப் படிச்சேன். நீங்க ஆமான்னு சொன்னீங்க."

முகத்தில் டீயை ஊற்றியது மாதிரி இருந்தது. "நீங்க படிச்சு என்னைக் கேக்கறதை விட்டுட்டு நானே படிக்கிறது இதுக்குத்தான். நான் ஆமான்னு சொல்லிட்டா உங்களுக்குத் தெரியவா போகுது? இப்ப முதல்லேருந்து படிக்கிறேன், விரலை வெச்சுப் பாருங்க" என்றார். விரலை வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் யாராவது "ஆமா, ஆமா" என்று வேகமாகச் சொன்னால் அந்த ஆள் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? எனக்கா? சென்னை சர்வர் அந்த வருடம் அடிக்கடி மண்டையைப் போட்டது. அந்த அம்மா அதைப் புதிதாக அமைக்கும் ஒவ்வொரு தடவையும் எண் மாறும், எங்கள் திரையில் எச்சரிக்கை கத்தும், பெண்கள் பதறுவார்கள். ஒருநாள் நான் சலூனில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தபோது ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஓடி வந்து பார்த்தால் இந்தக் கத்தல்தான். மேனேஜரும், "தம்பி, இந்தச் சனியன் திரையில வரவே கூடாது, ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

பண்ணினேன். கணினியைப் போட்டதும் தானாக ஓடும்படி நாலு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். பழைய எண் இருக்கும் கோப்பை முதல் காரியமாக அழித்துவிடும். அப்புறம் எந்த எண் வந்தாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். தினமும் காலையில் எங்கள் கணினிகள் அத்தனையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எதிரே வந்தவனை வாங்க என்று உள்ளே கூப்பிட்டன. கத்தல் நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நானும் பெருமையாகச் சிரித்தேன். சென்னை அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போதே யோசித்திருந்தால், செய்தது தப்பு என்று அப்போதே தெரிந்திருக்கும்.

மேனேஜரைப் பற்றியும் சொல்லவேண்டும். செட்டிநாட்டு நகரத்தார், நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில். போனில் யாராவது "நானும் நம்ம பக்கந்தாண்ணே" என்றால் போதும், எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று கேள்வி கேட்பார். அவர்களுக்குள் ஒன்பது கோயில். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். பதில் தடுமாறினால் ரிசீவரை வைத்துவிடுவார். தடுமாறாமல் வந்தால் அந்த ஆள் எது கேட்டாலும் செய்வார். வருகிற மனிதனை அப்படிச் சல்லடை போட்டுச் சலித்த அதே அலுவலகத்தில்தான் கணினிகள் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, மெட்ராஸ் ஆபீஸ்லருந்து போனு. அங்குட்டு லைன்ல ஏதோ கோளாறாம். இன்னைக்கு மட்டும் இந்த நம்பருக்கு டயல் பண்ணச் சொல்றாக."

"யாருண்ணே பேசுனது?"

"புதுசாச் சேந்திருக்க பையன். விசாரிச்சுட்டேன், நம்ம ஆளுதான். கோயிலு, ஊரு, அப்பச்சி பேரு எல்லாம் டக்குடக்குனு சொல்லுறான். எனக்குத் தெரிஞ்ச வீடு."

நான் டயல் செய்யும் நம்பரை மாற்றினேன். ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பு ஆரோக்கியமேரி என்ற பெண்ணுக்கு. அவள் தன் கணினியில் பெயரும் கடவுச்சொல்லும் போட்டாள். சரியில்லை என்று வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் சரியில்லை. நாலு தடவைக்குப் பின் தொடர்பே அறுந்தது. லைன் சரியில்லை, நாளைக்கு அனுப்பலாம் என்று விட்டுவிட்டோம். எச்சரிக்கை ஒன்றும் கத்தவில்லை. அதன் வாயைத்தான் நான் அடைத்துவிட்டேனே.

மறுநாள் புதன் அவளுக்கு லீவு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நிச்சயம் பேச வருகிறார்கள். அந்த லீவுக்கே முந்தின வாரம் பெரிய சண்டை. மேனேஜர் முடியாது என்றதும், "லீவு தரலைன்னா எனக்கு இந்த வேலையே வேணாம் சார்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாள். அப்புறம் மேனேஜரே இறங்கி வந்து லீவு கொடுத்தார். புதனன்று நான் பழைய நம்பருக்கே டயல் செய்து, என் கணினியிலிருந்து ரிப்போர்ட்டுகளை அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காகப் போனது.

வியாழன் காலை பத்து மணிக்குச் சென்னை அம்மா என்னைக் கூப்பிட்டார். புதன் மதியம் எங்கள் ஆபீஸின் ஒரு வாரத்து ரிப்போர்ட்டுகள் முழுவதையும் யாரோ அழித்திருக்கிறார்கள். உள்ளே வந்த பெயர் ஆரோக்கியமேரி. கடவுச்சொல் முதல் தடவையே சரியாகப் போடப்பட்டிருக்கிறது. சொல்லிவிட்டுச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஆமா, செவ்வாய்க்கிழமை ஏன் நீங்க டயலே பண்ணலை? இங்க லைன் நாள் பூரா சும்மா கிடந்துதே."

அப்படியானால் செவ்வாய்க்கிழமை நாங்கள் டயல் செய்தது எங்கே? நாலு தடவை அந்தப் பெண் தன் கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்தாள்? ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் சர்வர் மாதிரியே வேஷம் போட்ட இன்னொரு கணினி. அதன் எண் வேறாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் எண்ணை யாரும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதைத் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டிய ஜோடி ரகசிய எண் உண்மையான சர்வரிடம் மட்டும்தான் உண்டு. என் நாலு வரி இல்லாமலிருந்தால் அன்றைக்குத் திரை கத்தியிருக்கும். அவள் பதறி என்னைக் கூப்பிட்டிருப்பாள், கடவுச்சொல் போயிருக்காது.

சொல்ல வாயெடுத்தேன். "லைன் கொஞ்சம் சரியில்லாம இருந்தது மேடம்" என்று வந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி, அந்தப் பக்கத்தில் எனக்கு வேறு கணினி வேலை கிடையாது. இதெல்லாம் காரணமில்லை, சாக்கு. உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன்.

அதற்குள் மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு எல்லாம் பொருந்தியது. சண்டை போட்டாள், லீவில் போனாள், வெளியிலிருந்து அழித்துவிட்டாள். அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஆரோக்கியமேரியை இருக்கைக்குக்கூடப் போக விடாமல் தன் அறைக்குக் கூப்பிட்டார். தேவகோட்டை ரோட்டில் இருந்த அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி அப்பாவையும் வரவழைத்தார். சவரிமுத்து வாத்தியார், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவை ஒட்டி நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"கடவுச்சொல்ல யாருக்கோ குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, வேலைய விட்டுப் போயிரு. இல்லைன்னா ஒரு மணிக்குப் போலீஸ் வரும்" என்று மேனேஜர் சொன்னது வெளியே கேட்டது.

"நான் ஒண்ணுமே செய்யலை சார். எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஐயா, நேத்துத்தான் வெத்தலை பாக்கு மாத்துனோம்" என்றார் வாத்தியார். "போலீஸுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாக? கொஞ்சம் தயவு பண்ணுங்கய்யா."

நான் என் இடத்தில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று தெரியாது. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. என் மூளை இரண்டு பக்கமும் ஓடியது. சொல்லிவிடு என்றது. சொன்னால் ஆதாரம் எங்கே, என் வேலை போவதுதான் மிச்சம் என்றது. செவ்வாய்க்கிழமை வந்த எண் புதன் காலை கணினியைப் போட்டதுமே அழிந்திருக்குமே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவளுடைய இருக்கை கண்ணில் பட்டது. காலியாக இருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

புதன் அவள் வரவில்லை. வியாழன் அவளை உட்கார விடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிறுத்திய கணினி இன்னும் போடப்படவே இல்லை. அப்படியானால் அந்த வேஷக்காரனின் எண் அதற்குள் அப்படியே கிடக்கிறது. அவளைக் காப்பாற்ற உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். யாராவது அதைப் போட்டார்களோ, என் நாலு வரி ஓடும், சாட்சி அழிந்துபோகும். அழிந்தால் நான் தப்பித்தேன். என்றைக்கும், யாருக்கும் தெரியாது.

இதை எழுதக் கை கூசுகிறது. யாராவது போட்டுவிட்டால் தேவலை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது மட்டுமில்லை, வேண்டிக்கொண்டேன்.

ஒரு மணி அடிக்கும் நேரத்தில் அறைக்கதவு திறந்தது. ஆரோக்கியமேரி அழுத முகத்தோடு முன்னால் வந்தாள், பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் வாத்தியார்.

"எம்மிஷினப் போட்டுக் காட்டுறேன், நீங்களே பாருங்க சார்" என்றாள் மேனேஜரிடம். "நான் தப்புப் பண்ணியிருந்தா அதுல இருக்கும்ல? ஒண்ணுமே இருக்காது, பாருங்க."

"போடு, பாப்போம்" என்றார் அவர்.

தன் நிரபராதித்தனத்தைக் காட்ட அவளே ஓடுகிறாள். குனிந்து சுவிட்சில் விரலை வைத்தாள். எனக்கு வேண்டியது அவள் கையாலேயே நடக்கப் போகிறது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அவள் முகத்தில் அந்த நேரத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"தொடாதே!"

மற்றப் பெண்கள் எல்லாரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள். அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, நானும் அவளைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டேன் என்பது போல என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வரியைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை வந்த துண்டுச் சீட்டைச் சொன்னேன், டயல் சென்னை ஆபீஸுக்குப் போகவே இல்லை என்பதையும் சொன்னேன். மேனேஜர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

அவள் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் கூடுதலாக மாட்டினேன். கோப்பு இருந்தது. சென்னை அம்மாவைக் கூப்பிட்டேன். செய்ததைச் சொன்னேன், அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் படிக்கிறேன். விரலை வெச்சுப் பாருங்க" என்றார்.

விரலை வைத்தேன். மேனேஜர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். முதல் இலக்கம் ஒத்தது. ஒருவேளை என் கணக்கே தப்போ? இரண்டாவது ஒத்தது. மூன்றாவது வேறு. நாலாவது வேறு. அப்புறம் சம்பந்தமே இல்லாத எண். அந்த அம்மா நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி இலக்கம் வரைக்கும் படித்தார். அது எங்கள் சர்வர் இல்லை.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கோயிலு சொன்னானேப்பா" என்றார். "ஊரு சொன்னான். அப்பச்சி பேரு சொன்னான்."

"அதெல்லாம் நெசமாத்தான்ணே இருக்கும். ஆளு நம்ம ஆளுதான். மிஷினுதான் நம்ம மிஷினு இல்லை."

பிறகு விசாரித்ததில் அப்படித்தான் இருந்தது. சென்னை அலுவலகம் வேலையிலிருந்து நிறுத்திய ஒரு பையன், அந்தக் கோபத்தில் செய்தது. எங்கள் பழக்கவழக்கமெல்லாம் தெரிந்தவன். சொன்ன ஊர் உண்மை, கோயில் உண்மை, அப்பா பெயர்கூட உண்மை. அவன் ஒரு பொய்யும் சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை, அந்த டெலிபோன் நம்பரைத் தவிர. மனிதன் யார் என்று தெரிந்துகொண்டால் அவன் நீட்டும் பொருள் என்ன என்றும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம் பாருங்கள், அந்த இடத்தில்தான் நாங்கள் மாட்டினோம். பெண்களின் கணினிகளில் பிரதிகள் இருந்ததால் ரிப்போர்ட்டுகளை மறுபடி ஏற்றிவிட்டோம். என் வேலையும் போகவில்லை. என்னை அனுப்பினால் துண்டுச் சீட்டின் கதையும் வெளியே வரும் என்பது மேனேஜருக்குத் தெரியும். அந்த நாலு வரியை அன்றைக்கே எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்தேன்.

திரை கத்தினால் நிறுத்துங்கள், கேளுங்கள், விரலை வைத்துப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், புத்தகங்களும் இருக்கின்றன. தப்பு உங்களுடையது என்று தெரிந்த நிமிடம் என்ன செய்வீர்கள் என்பதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. அதனால்தான் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு ஆரோக்கியமேரி என் மேசைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சார், இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"இப்பத்தாம்மா" என்றேன். "நீ சுவிட்சுல கை வைக்கவும் சட்டுனு பொறி தட்டுச்சு."

நம்பிவிட்டாள். நம்பி, சிரித்தாள். அவளுக்குப் பின்னால் வாத்தியார் வந்தார். மூன்று மணி நேரம் நின்ற கால், நொண்டி நொண்டி நடந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, உங்க வேலை போனாலும் பரவால்லைன்னு எம்மக மானத்தக் காப்பாத்துனீக. நீங்க பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணும்."

நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். பத்து மணிக்கே தெரியும் ஐயா என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவர் வாசற்படி இறங்கி, தெருவில் இறங்கி, டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு மெதுவாக நடந்து போனார். பஸ் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.